ட்ரையர் ஓடுது, துணி மட்டும் காயல: கோளாறு எங்கன்னு தேடிப் பிடிக்கிற வழி

ட்ரையர் மக்கர் பண்ண ஆரம்பிச்சா எல்லார் வாயிலயும் முதல்ல வர்றது "ஹீட்டர் போச்சு போல". நானும் அதைத்தான் சொன்னேன். பிரிச்சுப் பார்த்தா, சூடு அளவு மீறினா லைனைத் துண்டிக்கற தெர்மல் ஃபியூஸ் போயிருந்துச்சு, புதுசு வாங்கி மாட்டினேன், சூடு வந்துச்சு, பெரிய மெக்கானிக் ஆயிட்ட மாதிரி ஒரு நெனப்பு. மூணு மாசத்துல மறுபடி அதே ஃபியூஸ். அப்பவும் எனக்கு உறைக்கல, மட்டமான பார்ட்டைத் தலைல கட்டிட்டாங்கன்னு திட்டிக்கிட்டே இன்னொண்ணு மாட்டினேன். அதுவும் போனப்பறம்தான் மெஷினை சுவத்துலேர்ந்து முழுசா இழுத்துப் போட்டு பின்னாடி இருக்கற காத்துக்குழாயைக் கழட்டினேன். வளைவு இருக்குல்ல, அந்த இடத்துல பஞ்சு அடைஞ்சு கெட்டியாகி, விரலை விட்டு இழுத்தா அந்த வளைவோட அச்சு அப்படியே குல்லா மாதிரி கைல வருது, நடுவுல சுண்டுவிரல் போற அளவுக்குத்தான் ஓட்டை. ஃபியூஸ் மேல ஒரு தப்பும் இல்ல, அது அதோட வேலையைத்தான் பார்த்திருக்கு, நான்தான் அதோட பேச்சைக் கேக்கல.

அதுலேர்ந்து நான் ட்ரையரை சூடு பண்ற பெட்டியா பாக்கறதில்ல, காத்தை இழுத்து வெளிய தள்ற மெஷினாத்தான் பாக்கறேன். சூடு தண்ணியை ஆவியாக்குது, சரி, ஆனா அந்த ஆவியைக் காத்து தூக்கிட்டுப் போகலன்னா துணி வெந்துக்கிட்டு கெடக்குமே தவிர காயாது. கீழ நான் அறிகுறி அறிகுறியா எழுதியிருக்கறதுல பாதிக்கு மேல கடைசியில காத்துல வந்துதான் முடியும்.

கை வைக்கறதுக்கு முன்னாடி

பிளக்கைப் புடுங்குங்க. சுவிட்சை ஆஃப் பண்ணினா போதாது, பேனல்ல ஆஃப் பண்ணினா சுத்தமா போதாது. பிளக் இல்லாம நேரா வயர் கொடுத்திருந்தா பிரேக்கரை இறக்கிட்டு மல்டிமீட்டர் வச்சு வோல்டேஜ் இல்லன்னு பாத்துட்டுத்தான் மூடியைத் திறக்கணும். மோட்டாரோட கெப்பாசிட்டர் இருக்கற மாடல்ல பிளக்கைப் புடுங்கினதுக்கு அப்பறமும் அதுல சார்ஜ் நிக்கலாம், அது தெரியாதவங்க அதைத் தொடாதீங்க. உள்ள இருக்கற தகரத்தோட ஓரமெல்லாம் பிளேடு மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கோங்க, நான் போடாம ஒரு தடவை கட்டைவிரலைக் கிழிச்சுக்கிட்டேன்.

உங்க மெஷின் எந்த வகைன்னும் தெரிஞ்சு வச்சுக்கணும். பின்னாடி தடியா ஒரு குழாய் போய் வெளிய காத்தைத் தள்ளுதுன்னா அது வென்ட் வகை. குழாயே இல்லாம ஒரு தண்ணி டேங்க் இருந்தா அது ஆவியை உள்ளயே தண்ணியா மாத்தற வகை, கண்டென்சரா இருக்கும், இல்ல ஹீட் பம்ப்பா இருக்கும். ரெண்டுக்கும் வெளிய பாத்தா பெருசா வித்தியாசம் தெரியாது, லேபிளைப் பாருங்க, ஹீட் பம்ப்னா கேஸ் பேரு (ஆர் 134ஏ, ஆர் 290 இப்படி ஏதாவது) போட்டிருக்கும்.

நல்லா ஓடுது, சூடும் வருது, ஆனா காய ரெண்டு மடங்கு நேரம் ஆகுது

எல்லாத்துலயும் இதுதான் அதிகமா வர்ற புகார், அதனால இங்க கொஞ்சம் நின்னு பாத்துடலாம்.

முதல்ல ட்ரையரை விட்டுட்டு வாஷிங் மெஷினைப் பாருங்க. விளையாட்டுக்கு சொல்லல. 1 லிட்டர் தண்ணியை ஆவியாக்கவே கிட்டத்தட்ட 0.65 யூனிட் கரண்ட் வேணும், இது எந்த கம்பெனி மெஷினா இருந்தாலும் மாறாது (ஹீட் பம்ப் மட்டும் அந்த சூட்டையே திருப்பித் திருப்பி உபயோகிக்கறதால தப்பிக்குது). 5 கிலோ துணியை நிமிஷத்துக்கு 1400 சுத்துல பிழிஞ்சா ஏறக்குறைய 2.5 லிட்டர் தண்ணி மிச்சம் இருக்கும், 800 சுத்துன்னா 3.5 லிட்டர் வரைக்கும் இருக்கும். 2000 வாட் ஹீட்டர் வச்ச மெஷின் அந்த 3.5 லிட்டரை விரட்ட, ஒரு துளி சூடு வீணாகலன்னாலும், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். வாஷிங் மெஷின்ல ஸ்பின் சரியா ஓடாம துணி சொட்டச் சொட்ட வந்து, அந்தப் பழி ட்ரையர் மேல விழுந்த கதையை நான் நிறைய பாத்திருக்கேன். துணியை எடுத்து முறுக்கிப் பாருங்க, தண்ணி சொட்டினா கோளாறு பக்கத்து மெஷின்ல.

அது சரியா இருந்தா அடுத்தது ஃபில்டர். பஞ்சைத் தினம் எடுக்கறோமேன்னு சொல்வீங்க, பஞ்சு கண்ணுக்குத் தெரியுது, எடுத்துடறோம். தெரியாதது ஒண்ணு இருக்கு, துணி மென்மையாக்கற லிக்விடும் வாசனை ஷீட்டும் போடறவங்க வீட்டு ஃபில்டர் வலை மேல மெல்லிசா ஒரு மெழுகுப் படலம் ஒட்டிக்கும். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா வலை சுத்தமாத்தான் தெரியும். அதைக் குழாய்க்கு அடியில பிடிச்சு தண்ணியை விடுங்க. தண்ணி சர்ருனு எறங்கிடுச்சுன்னா சரி. ஒரு நொடி, ரெண்டு நொடி வலை மேல குளம் மாதிரி தேங்கி நின்னு அப்பறம் ஓரமா வழிஞ்சா, தண்ணிக்கே வழி இல்லன்னா காத்துக்கு எங்க இருக்கும்? பாத்திரம் கழுவற சோப்பு, பழைய டூத் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணி, மெதுவா தேய்ச்சு அலசி, நல்லா காய வச்சு மாட்டுங்க. நிறைய பேருக்கு வேலை இதோட முடிஞ்சிடும்.

முடியலன்னா குழாய். வென்ட் வகைல சூடா ஓடிக்கிட்டு இருக்கும்போது வீட்டுக்கு வெளிய போய் காத்து வர்ற வாய்ல கை வைங்க. அங்க இருக்கற மூடி நல்லா தூக்கிக்கிட்டு நிக்கணும், கைல படற காத்து வெதுவெதுன்னு ஈரமா அடிக்கணும். மூடி பாதிதான் தூக்குது, காத்து மூச்சு விடற மாதிரி வருதுன்னா அடைப்புதான். பறவை கூடு கட்டியிருக்கலாம், பூச்சி வராம இருக்கட்டும்னு யாராவது அக்கறையா சின்ன கண் வலை போட்டிருக்கலாம், அந்த வலை ஒரு மாசத்துல பஞ்சு புடிச்சு சுவரா ஆயிடும், அதை எடுத்துடுங்க. அடைப்பு மெஷினுக்குள்ளயா குழாய்லயான்னு சந்தேகம்னா பின்னாடி குழாயை உருவிட்டு ஒரு ரெண்டு மூணு நிமிஷம் மட்டும் ஓட விடுங்க. மெஷின் வாய்லேர்ந்து காத்து வேகமா அடிச்சா குழாய்தான் குத்தவாளி. அங்கயே காத்து சோம்பலா வந்தா மெஷினுக்குள்ள ஃபேன் பக்கம் பாக்கணும். ரொம்ப நேரம் அப்படி ஓட்டாதீங்க, ரூம் முழுக்க பஞ்சும் ஈரமும் பறக்கும்.

குழாய் விஷயத்துல நான் கொஞ்சம் கறார். மடிச்சு மடிச்சு இருக்கற பிளாஸ்டிக் குழாயும், மெல்லிசு அலுமினியத் தாள் குழாயும் வேண்டவே வேண்டாம், அந்த ஒவ்வொரு மடிப்பும் பஞ்சு புடிக்கற பள்ளம், தீ புடிச்சா அதுதான் முதல்ல போகும். 4 இஞ்ச் தகரக் குழாய், உள்பக்கம் வழவழன்னு இருக்கறது, அதைப் போடுங்க. ஜாயின்ட்டுல ஸ்க்ரூ அடிக்காதீங்க, உள்ள நீட்டிக்கிட்டு இருக்கற ஸ்க்ரூ முனையில முதல் பஞ்சு மாட்டும், அதுல அடுத்தது மாட்டும், அலுமினிய டேப் போதும். நீளமும் ஒரு கணக்குதான், அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதில மொத்தம் 35 அடி, அதுல ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் 5 அடி கழிச்சுடணும்னு இருக்கு, உங்க மெஷின் மேனுவல்ல வேற கணக்கு இருந்தா அதைப் பாருங்க. ரெண்டு மூணு வளைவு போட்டு 30 அடி இழுத்து வச்சிருந்தா எந்த மெக்கானிக் வந்தாலும் அது சரியா காயாது. சுத்தம் பண்ண, நீளமா கோத்துக்கிட்டே போற பிரஷ் கிடைக்கும், டிரில் மெஷின்ல மாட்டி சுத்தலாம், ஆனா ஒரே பக்கமா சுத்துங்க, எதிர்ப்பக்கம் சுத்தினா பிரஷ் உள்ளயே கழண்டுக்கும், அப்பறம் அதை எடுக்கறது பஞ்சை எடுக்கறதை விட பெரிய பாடு.

இதெல்லாம் பயமுறுத்த சொல்லல. அமெரிக்காவுல 2008லேர்ந்து 2010 வரைக்கும் எடுத்த அரசாங்கக் கணக்குல வருஷத்துக்கு சுமார் 2,900 வீட்டு ட்ரையர் தீ, அதுல முதல் காரணமா நின்னது சுத்தம் பண்ணாம விட்டது, 34 சதவீதம். எலிமென்ட் (ஹீட்டர் காயில்) கெட்டுப்போச்சு, வயர் உருகிப்போச்சுங்கறதெல்லாம் அதுக்குப் பின்னாடிதான்.

குழாயும் ஃபில்டரும் சுத்தமா இருந்தும் காத்து இல்லன்னா, காத்தாடி. ஃபேனோட நடு ஓட்டை தேஞ்சு போனா மோட்டார் தண்டு சுத்தும், ஃபேன் வழுக்கிக்கிட்டு மெதுவா சுத்தும், கூடவே ஒரு கடகட சத்தம் வரும். புது ஃபேன்தான் போடணும், பசை வச்சு ஒட்டிப் பாத்தவங்க எல்லாரும் திரும்பவும் பிரிச்சிருக்காங்க.

டிரம் சுத்துது, சூடே வரல

முதல்ல சிரிக்காம ஒண்ணு பாருங்க, செட்டிங் குளிர் காத்துல இருக்கா? எனக்கு ஒருத்தர் போன் பண்ணி அரை மணி நேரம் பேசினதுக்கு அப்பறம் அதுதான்னு தெரிஞ்சுது.

அடுத்து, ரெண்டு லைன் வயரிங் இருக்கற இடம்னா, அதாவது மோட்டாருக்கு 120 வோல்ட்டும் ஹீட்டருக்கு 240 வோல்ட்டும் போற வகை, அங்க இரட்டை பிரேக்கர்ல ஒரு பக்கம் மட்டும் போயிருந்தா டிரம் ஜோரா சுத்தும், விளக்கு எரியும், சூடு மட்டும் வராது. பிரேக்கரை முழுசா ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணுங்க. மத்த இடத்துல ஒரே 230 வோல்ட் லைன்தான், அங்க இந்தக் கதை கெடையாது.

அப்பறம் மீட்டர். பிளக்கைப் புடுங்கிட்டு, டெஸ்ட் பண்ற பார்ட்டோட வயர்ல ஒண்ணையாவது கழட்டிட்டு வைங்க, இல்லன்னா கரண்ட் வேற வழியா சுத்தி வந்து மீட்டர் பொய் சொல்லும். வரிசையா பாக்க வேண்டியது தெர்மல் ஃபியூஸ், ஹீட்டர் பக்கத்துல இருக்கற கட் ஆஃப், சூட்டைக் கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட், அப்பறம் எலிமென்ட். ஃபியூஸ் கட்டைவிரல் நீளம் வெள்ளை பிளாஸ்டிக், ஃபேன் கூடு மேல ஒட்டிக்கிட்டு இருக்கும், பரவலா இருக்கற ஒரு டிசைன்ல 91 டிகிரிக்குப் போயிடும், ஒரு தடவை போனா போனதுதான், ரீசெட் கெடையாது. சில 230 வோல்ட் மெஷின்ல பின்பக்கமோ எலிமென்ட் பக்கத்துலயோ சின்னதா ஒரு ரீசெட் பட்டன் இருக்கும், ஆறினதுக்கு அப்பறம் அமுக்கினா டிக்குன்னு சத்தம் கேக்கும்.

ஃபியூஸை ஒரு வயர் துண்டால ஷார்ட் பண்ணி ஓட்டலாம்னு வீடியோ போடறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம். அதுதான் உங்க வீட்டுக்கும் தீக்கும் நடுவுல நிக்கற கடைசி ஆளு.

எலிமென்ட்டுக்குக் கணக்கு சுலபம், வோல்டேஜை வோல்டேஜால பெருக்கி வாட்டால வகுத்தா ஓம் வரும். 230 வோல்ட், 2000 வாட்டுன்னா சுமார் 26 ஓம், 240 வோல்ட், 5400 வாட்டுன்னா 10, 11 ஓம். மீட்டர் அசையவே இல்லன்னா காயில் அறுந்துபோச்சு, கண்ணாலயே தெரியும் பல நேரம். காயில்லேர்ந்து அதைச் சுத்தி இருக்கற தகரத்துக்கும் ஒரு தடவை வச்சுப் பாருங்க, அங்க எதுவும் காட்டக் கூடாது.

எந்த பார்ட் போயிருந்தாலும் புதுசு மாட்டறதுக்கு முன்னாடி மேல சொன்ன காத்து டெஸ்ட்டைப் பண்ணிடுங்க. நான் ரெண்டு ஃபியூஸ் தண்டம் கட்டினது அதைப் பண்ணாமத்தான்.

எல்லாம் சரியா காட்டியும் சூடு இல்லன்னா மோட்டாருக்குள்ள இருக்கற சுவிட்ச் ஒண்ணு பாக்கி, மோட்டார் முழு வேகம் புடிச்சாத்தான் அது ஹீட்டருக்கு லைன் விடும். நிறைய வென்ட் மாடல்ல இது உண்டு. அது தேஞ்சிருந்தா பெரும்பாலும் மோட்டாரையே மாத்த வேண்டி வரும், அதுக்கு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுடுங்க.

சூடு ரொம்ப அதிகம், துணி தொட்டா சுடுது

மறுபடி காத்துதான் முதல் சந்தேகம், காத்து ஓடலன்னா சூடு அங்கயே சுத்தும். குழாய் சுத்தமா இருந்தா சூட்டைக் கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிட்டு இருக்கலாம், புது மாடல்ல அதுக்குப் பதிலா தெர்மிஸ்டர் (சூட்டை அளக்கற சென்சார்), பல மாடல்ல அது ரூம் சூட்டுல 10,000 ஓம் பக்கம் காட்டும், கைல பிடிச்சு சூடு பண்ணினா குறையணும், குறையலன்னா மாத்திடுங்க.

இதுல ஒரு வினோதமான கேஸ் இருக்கு. குளிர் காத்துல போட்டாலும் சூடு வருது, சூட்டை ஆஃப் பண்ணினாலும் ஆஃப் ஆகல. ரெண்டு லைன் வயரிங் இருக்கற இடத்துல எலிமென்ட் அறுந்து தொங்கி தகரத்தைத் தொட்டுக்கிட்டு இருந்தா இப்படி ஆகும், பாதி காயில் எர்த் வழியா எரிஞ்சுக்கிட்டே இருக்கும், தெர்மோஸ்டாட் சொல்றதைக் கேக்காது. உடனே பிளக்கைப் புடுங்குங்க, எலிமென்ட் மாத்தற வரைக்கும் ஓட்டாதீங்க.

பட்டனை அமுக்கினா ஒண்ணுமே நடக்கல

பேனல்ல பூட்டு படம் எரியுதா? சைல்டு லாக். பட்டனை மூணு செகண்ட், அஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிச்சா போகும். தாமதமா ஸ்டார்ட் ஆகற டைமர் ஓடுதா? கதவு முழுசா மூடியிருக்கா? இந்த மூணும் ஓகேன்னா சாக்கெட்ல வேற ஒரு சாமான் போட்டு கரண்ட் வருதான்னு பாருங்க.

கதவு சுவிட்ச்சை விரலால அமுக்கினா டிக்குன்னு தெளிவா சத்தம் வரணும். சத்தம் வரல, மசமசன்னு இருக்குன்னா அதுதான். கதவுல இருக்கற கொக்கி வளைஞ்சு சுவிட்ச்சைத் தொடாமலும் இருக்கலாம், கதவை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சா ஓடுதுன்னா அது இதுதான். சில டிசைன்ல தெர்மல் ஃபியூஸ் போனா சூடு மட்டும் இல்ல மோட்டாரே ஸ்டார்ட் ஆகாது, அதனால அதையும் பாத்துடுங்க. பெல்ட் அறுந்தா நிறுத்திடற சுவிட்ச் இருக்கற மாடலும் உண்டு.

உம்முன்னு சத்தம் மட்டும் வருது, சுத்தல

உடனே நிறுத்துங்க, அப்படியே விட்டா மோட்டார் கருகும். பிளக்கைப் புடுங்கிட்டு கதவைத் திறந்து டிரம்மைக் கையால சுத்துங்க. சும்மா பஞ்சு மாதிரி லேசா சுத்திச்சுன்னா பெல்ட் அறுந்துபோச்சு, மோட்டார் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். கொஞ்சம் இறுக்கமா, பெல்ட் இழுக்கறது கைல தெரிஞ்சா பெல்ட் இருக்கு. அசையவே மாட்டேங்குதுன்னா எங்கயோ துணி மாட்டியிருக்கு, இல்லன்னா ஃபேன்ல ஏதோ சிக்கியிருக்கு. குட்டி சாக்ஸ் ஒண்ணு ஃபில்டர் ஓட்டை வழியா எறங்கி ஃபேன்ல சுத்திக்கிட்டதை நானே எடுத்திருக்கேன்.

டிரம் தாராளமா சுத்துது, பெல்ட்டும் இருக்கு, ஆனா ஆன் பண்ணினா உம்முன்னு நிக்குதுன்னா கெப்பாசிட்டர் வச்ச மாடல்ல அது செத்திருக்க வாய்ப்பு ஜாஸ்தி, சின்ன பார்ட்தான், மேல போட்டிருக்கற மைக்ரோ ஃபாரட் அளவைப் பாத்து அதே அளவுல வாங்கணும், சார்ஜை இறக்கத் தெரிஞ்சவங்க கைல குடுத்து மாத்திக்கோங்க.

பெல்ட் மாத்தறது கஷ்டமில்ல, முதல் தடவை மட்டும் மண்டை காயும். பழைய பெல்ட் இருக்கும்போதே மோட்டார் புல்லி கிட்டயும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கற டென்ஷன் புல்லி கிட்டயும் எப்படி வளைஞ்சு போகுதுன்னு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. அறுந்துபோயிருந்தா டிரம் மேல பெல்ட் ஓடின தடம் பளபளன்னு தெரியும், அதே தடத்துல போடணும், கோடு கோடா இருக்கற பக்கம் டிரம்மைப் பாத்து. போட்டதும் கையால டிரம்மை ரெண்டு மூணு முழுச் சுத்து சுத்துங்க, பெல்ட் ஓரத்துக்கு நகராம நடுவுலயே நின்னா மூடியைப் போடலாம்.

சத்தம்

சத்தத்தை வச்சே பாதி கண்டுபிடிச்சுடலாம். ரொம்ப நாள் ஓட்டாம வச்சு ஓட்டினா தொப்பு தொப்புன்னு அடிச்சு பத்து நிமிஷத்துல அடங்கிடும், பெல்ட்டோ, டிரம்மைத் தாங்கற ரோலரோ ஒரே இடத்துல அழுந்திக் கெடந்து வளைஞ்சதுதான், கவலைப்படாதீங்க. அடங்கவே இல்லன்னா ரோலர் தேஞ்சிருக்கு. கீச்சுன்னு நாய்க்குட்டி மாதிரி கத்தினா டென்ஷன் புல்லி, இல்ல ரோலர் அச்சு. எண்ணெய் விட்டா நின்னுடுமேன்னு கை பரபரக்கும், விடாதீங்க, ரெண்டு நாள் நிக்கும், அப்பறம் அந்த எண்ணெய்ல பஞ்சு ஒட்டி பசையாகி இன்னும் மோசமாகும், பக்கத்துலயே ஹீட்டர் வேற இருக்கு. ஒரு ரோலர் தேஞ்சிருந்தா எல்லாத்தையும் செட்டா மாத்தறது புத்திசாலித்தனம், எப்படியும் பிரிச்சாச்சுல்ல.

இரும்பை இரும்பு உரசற மாதிரி கரகரன்னா பின்பக்க பேரிங், இல்ல முன்பக்கம் டிரம் தாங்கி நிக்கற வழுக்குத் துண்டுங்க தேஞ்சு போயிருக்கும். சில்லறை மாதிரி சத்தம் கேட்டா அது சில்லறையேதான், இல்லன்னா உள்ளாடைல இருக்கற கம்பி.

பாதில நின்னுடுது, இல்ல நிக்கவே மாட்டேங்குது

இருபது நிமிஷம் ஓடி நின்னு, அரை மணி கழிச்சு தானா சரியாகுதுன்னா மோட்டார் சூடாகி அதோட பாதுகாப்பு சுவிட்ச் விழுந்திருக்கு. அடைப்பு, இல்ல மோட்டார் மேல பஞ்சு கம்பளி போத்தின மாதிரி கெடக்கும், வேக்குவம் க்ளீனர் வச்சு உறிஞ்சி எடுங்க. சுத்தம் பண்ணியும் அதே கதைன்னா மோட்டார் வயசாயிடுச்சு.

துணி ஈரமா இருக்கும்போதே முடிஞ்சுதுன்னு பீப் அடிச்சா சென்சார். டிரம் வாய்ல உள்பக்கமா ரெண்டு இரும்புப் பட்டை தெரியும், ஈரத்துணி அது ரெண்டையும் சேத்துத் தொட்டா லேசா கரண்ட் பாயும், காஞ்ச துணி தொட்டா பாயாது, மெஷினுக்குத் தெரிஞ்சதெல்லாம் அவ்வளவுதான். அதே மெழுகுப் படலம் பட்டை மேலயும் படிஞ்சிருந்தா ஈரத்துணியையும் காஞ்சதுன்னு நெனச்சுக்கும். துணில வெள்ளை வினிகர் நனைச்சு அழுத்தித் துடைங்க, அது மெஷின் ஆறினதுக்கு அப்பறம். ரெண்டே ரெண்டு சட்டை போட்டாலும் இதே தொல்லைதான், பட்டையைத் தொடவே துணி இல்ல. பெரிய போர்வை பந்து மாதிரி சுருண்டு வெளிப்பக்கம் காஞ்சு உள்பக்கம் ஈரமா இருந்தாலும் ஏமாந்துடும், நடுவுல ஒரு தடவை நிறுத்தி உதறிப் போடுங்க.

நிக்கவே இல்லன்னா, பழைய திருகு டைமர் மாடல்ல ஒரு பொறி இருக்கு. ஆட்டோல போட்டா டைமர் நகர்றது தெர்மோஸ்டாட் சூடாகி ஹீட்டரை ஆஃப் பண்ற நேரத்துல மட்டும்தான். ஹீட்டர் செத்துப்போச்சுன்னா சூடாகாது, சூடாகலன்னா டைமர் நகராது, ராத்திரி முழுக்க சுத்தும். டைமரை மாத்தறதுக்கு முன்னாடி சூடு வருதான்னு கை வச்சுப் பாருங்க.

கண்டென்சர், ஹீட் பம்ப் வகை: தண்ணி சம்பந்தப்பட்டது

டேங்கைக் காலி பண்ணியாச்சு, ஆனா நிறைஞ்சிடுச்சுன்னு விளக்கு எரியுது. டேங்க் முழுசா உள்ள போய் உக்காரலையான்னு பாருங்க. உக்காந்திருந்தா அடியில தண்ணி சேர்ற குழில இருக்கற மிதவை பஞ்சுச் சேத்துல மாட்டியிருக்கும், இல்ல அங்கேர்ந்து மேல டேங்குக்கு ஏத்தற பம்ப் அடைச்சிருக்கும். சாக்கடைக்கு நேரா குழாய் விட்டிருந்தா அது மடங்கியிருக்கான்னு பாருங்க.

அதுக்கு நேர் எதிரா, டேங்க்ல தண்ணியே சேரல, துணியும் காயல, ஆனா ரூம் ஜன்னலெல்லாம் வேர்த்து வழியுதுன்னா ஆவி உள்ள தண்ணியா மாறாம வெளிய தப்பிச்சிக்கிட்டு இருக்கு. கதவு ரப்பரைத் துடைங்க, கண்டென்சர் பெட்டியை வெளிய எடுத்து ரெண்டு பக்கமும் குழாய்த் தண்ணில அலசுங்க, எவ்வளவு வெள்ளைச் சேறு வருதுன்னு பாத்து நீங்களே மலைச்சுப் போவீங்க. திரும்பி வைக்கும்போது கொக்கி சரியா விழணும். இந்த மெஷினை சின்ன அலமாரிக்குள்ள பூட்டி வச்சு ஓட்டினா சுத்தி இருக்கற காத்தே சூடாகி ஆவி குளிராது, கதவைத் திறந்து வைங்க.

ஹீட் பம்ப்ல ரெண்டு மூணு மணி நேரம் ஆகறது கோளாறே இல்ல, அது குறைஞ்ச சூட்டுல நிதானமா காய வைக்கற ஜாதி. பெரும்பாலான மாடல் 5லேர்ந்து 35 டிகிரிக்குள்ள இருக்கற ரூமுலதான் ஒழுங்கா ஓடும். அதோட தகடுங்க ரொம்ப மெல்லிசு, கடினமான பிரஷ் போட்டா மடிஞ்சிடும், மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷால மேலேர்ந்து கீழ மட்டும் இழுங்க. படுக்க வச்சு எடுத்துட்டு வந்திருந்தா உடனே ஆன் பண்ணாதீங்க, மேனுவல் சொல்ற நேரம் நிமிர்த்தி வச்சு ஆயில் எறங்க விடுங்க. கம்ப்ரஸர், கேஸ் பக்கம் மட்டும் நம்ம வேலை இல்ல.

கரண்ட் ட்ரிப் ஆகுது

சூடு இல்லாம ஓட்டிப் பாருங்க. அப்ப ட்ரிப் ஆகாம, சூடு வச்ச உடனே விழுந்தா எலிமென்ட் எர்த் ஆகுது. ரொம்ப மாசம் ஈரமான இடத்துல சும்மா கெடந்த மெஷின்லயும் இது வரும். சூடு இல்லாமயே விழுந்தா மோட்டாரோ வயரோ. திரும்பத் திரும்ப பிரேக்கரைத் தூக்கி விட்டுப் பாக்கறதை மட்டும் பண்ணாதீங்க. பிளக் பின் பழுப்பாகி இருக்கா, சாக்கெட் உருகின வாசனை வருதா, வயர் முனை ஸ்க்ரூ லூசா, அதையும் பாருங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ட்ரையரைப் போடறவங்க இதுக்கு மேல படிக்க வேண்டாம், முதல்ல போய் அதைக் கழட்டிட்டு வாங்க.

நாத்தம், கறை

கருகின வாசனைன்னா ஹீட்டர் கூட்டுல பஞ்சு விழுந்து எரியுது, ரப்பர் வாசனைன்னா பெல்ட் வழுக்குது. ரெண்டுக்கும் நிறுத்திட்டுப் பிரிங்க. துணில கருப்புக் கோடு, இல்ல ஓரம் பழுப்பா கருகின மாதிரி வந்தா டிரம் வாய்ல சுத்தி இருக்கற கம்பளி சீல் தேஞ்சு, துணி இடுக்குல போய் மாட்டிக்கிட்டு வருது. ஒரு தாளை அந்த இடுக்குல விட்டு சுத்தி வாங்க, எங்க தாராளமா உள்ள போகுதோ அங்கதான்.

எண்ணெய் துடைச்ச துண்டு, சமையல் எண்ணெய் ஊறினது, அதைத் துவைச்சுட்டோம்னு நம்பி ட்ரையர்ல போடாதீங்க. துவைச்சாலும் கொஞ்சம் தங்கிடும், சூட்டுல அந்த எண்ணெய் காத்தோட சேந்து தானாவே இன்னும் சூடாகும், குவியலா கெடந்தா யாரும் தொடாமலே புகைய ஆரம்பிக்கும். கடைசில குளிர் காத்து ஓடற பத்து நிமிஷம் அதுக்கும் சேத்துத்தான், அவசரத்துல நடுவுல நிறுத்தி துணியை அப்படியே உள்ள விட்டுட்டுப் போகாதீங்க.

எல்லாம் மாட்டி முடிச்சதும்

ஒரே ஒரு ஈரத் துண்டைப் போட்டு, ஆட்டோ வேண்டாம், நேரம் வச்சு ஓட விடுங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு வெளிய போய் காத்து வாய்ல கை வச்சு வேகத்தை மனசுல வச்சுக்கோங்க. இதை மெஷின் இன்னும் சுவத்தை விட்டுத் தள்ளி இருக்கும்போதே பண்ணுங்க. அப்பறம் தள்ளி வச்சுட்டு மறுபடி போய் கை வைங்க. வேகம் குறைஞ்சிருந்தா பின்னாடி குழாய் நசுங்கிடுச்சுன்னு அர்த்தம், இழுத்துட்டு மறுபடி வைங்க, எனக்கு நாலாவது தடவைதான் சரியா உக்காந்துச்சு.